பழங்கால எரிமலைகள் கடலின் ஆக்சிஜனைக் குறைத்தனவா? பாறையிலிருந்து கண்டறியும் முறை

ஒரு கருப்புப் பாறை அடுக்கைப் பார்த்ததும் "இங்கே கடலில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருந்தது, காரணம் எரிமலை" என்று எழுதிவிடத் தோன்றும். அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இந்த அடுக்கு படிந்தபோது பெரிய எரிமலைச் செயல்பாடு நடந்ததா? கடலடியில் ஆக்சிஜன் இல்லாமல் போனது இந்த ஓரிடத்தில் மட்டுமா, உலகெங்குமா? இரண்டில் எது முந்தியது? மூன்றுக்கும் முடிந்தவரை ஒரே பாறைத் துண்டை அரைத்த ஒரே பொடியிலிருந்து விடை தேட வேண்டும். எரிமலையைக் காட்டும் பாதரசத்தை ஒரு மலைச்சரிவிலும் ஆக்சிஜன் இழப்பைக் காட்டும் மாலிப்டினத்தை வேறொரு மலைச்சரிவிலும் அளந்துவிட்டு, இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒட்டினால் எது முந்தியது என்ற கேள்விக்கு விடையே கிடைக்காது.

இங்கே எரிமலை என்பது ஒற்றை மலை வெடித்துச் சிதறுவதைக் குறிக்கவில்லை. நிலம் நெடுந்தூரம் பிளந்து, லட்சக்கணக்கான ஆண்டுகள் விட்டு விட்டு பசால்ட் எனும் கரும்பாறைக் குழம்பைக் கொட்டிய நிகழ்வுகள் இவை. பெர்மியன் முடிவில், 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், சைபீரியா. டிரையாசிக் முடிவில், 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன், மத்திய அட்லாண்டிக். டோர்சியன் காலத்தில், 18.3 கோடி ஆண்டுகளுக்கு முன், தென்னாப்பிரிக்காவின் காரூவும் அன்டார்க்டிகாவின் ஃபெராரும். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் பசிபிக் கடலடியில் ஒன்டாங் ஜாவா. செனோமேனியன்–டூரோனியன் எல்லையில், 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன், கரீபியன் பீடபூமியும் அதன் சமகாலத்தவையும். கிரெட்டேசியஸ் கருப்பு அடுக்குகள் பல கடல்களில் ஒரே காலத்தில் படிந்தவை என்பதைக் கவனித்து "கடல் ஆக்சிஜன் இழப்பு நிகழ்வு" என்ற கருத்தை ஷ்லாங்கரும் ஜென்கின்ஸும் 1976இல் முன்வைத்தார்கள். இன்று நாம் செய்யும் அளவீடுகள் எல்லாம் அந்தக் கருத்தைச் சோதிக்க வந்தவையே.

முதலில் எதைத் தேடுகிறோம் என்ற கணக்கு

எரிமலை கார்பன் டை ஆக்சைடைக் கக்குகிறது, கடல் சூடாகிறது, சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரைகிறது. பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எண்களைப் போட்டுப் பாருங்கள். காற்றோடு சமநிலையில் உள்ள சாதாரண உப்புத்தன்மைக் கடல்நீர், 10 டிகிரி செல்சியஸில் கிலோவுக்குச் சுமார் 275 மைக்ரோமோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். 20 டிகிரியில் அது சுமார் 225 ஆகும். பத்து டிகிரி சூடேறியும் இழப்பு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சூடு மட்டும் கடலை வெறுமையாக்காது.

மீதி வேலையைச் செய்வது பாஸ்பரஸ். வெப்பமும் அமில மழையும் நிலத்துப் பாறைகளை வேகமாகச் சிதைக்க, ஆறுகள் கூடுதல் பாஸ்பரஸைக் கடலில் சேர்க்கின்றன. கடல் மிதவை உயிரிகளின் உடலில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு ஏறக்குறைய 106 கார்பன் அணுக்கள் இருக்கின்றன. அவை மூழ்கி மட்கும்போது சுமார் 138 ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தின்கின்றன. ஆக, கிலோவுக்கு 1 மைக்ரோமோல் பாஸ்பரஸ் கூடுதலாக வந்து முழுதும் பயன்படுத்தப்பட்டால் 138 மைக்ரோமோல் ஆக்சிஜன் செலவு. குளிர்ந்த நீரின் மொத்த இருப்பில் பாதி அதிலேயே போய்விடும். அதற்கு மேலும் ஒரு சுழல் இருக்கிறது: ஆக்சிஜன் உள்ள கடலடியில் இரும்பு ஆக்சைடுகள் பாஸ்பரஸைப் பிடித்து வைக்கும். ஆக்சிஜன் போனதும் அந்த ஆக்சைடுகள் கரைந்து, பிடித்து வைத்த பாஸ்பரஸை நீருக்கே திருப்பி விடும். அது மேலே வந்து மறுபடி உயிரிகளை வளர்க்கும். எரிமலை அடங்கிய பிறகும் கடல் நெடுங்காலம் மீளாமல் கிடப்பதற்கு இந்தச் சுழல் ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே பாறையில் நாம் தேடுவது ஒரு வரிசையை: எரிமலையின் கையெழுத்து, அதன் மேல் கார்பன் சமநிலை குலைந்த தடம் (கார்பன்-13இன் பங்கு மாறுவது), அதன் மேல் ஆக்சிஜன் போன தடம்.

பாறை முகத்தைத் தேர்ந்து மாதிரி எடுத்தல்

துளைத்தெடுத்த உள்ளகப் பாறை கிடைத்தால் அதையே எடுங்கள். மலைச்சரிவுதான் வழியென்றால், வெளிமுகத்தை 30 செ.மீ. ஆழமாவது வெட்டி நீக்குங்கள். மஞ்சள் பூச்சு, பழுப்பு விளிம்பு, ஊசி ஊசியான ஜிப்சம் படிகங்கள் ஆகியவை தென்பட்டால் இன்னும் வெட்ட வேண்டும் என்று பொருள். அவை பைரைட் (இரும்பு சல்பைடு கனிமம்) காற்று பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்ததன் அடையாளங்கள். அப்படிப்பட்ட கல்லில் கரிமக் கார்பன் (உயிரிகளின் எச்சத்திலிருந்து வந்தது), பாதரசம், மாலிப்டினம் மூன்றுமே குறைந்திருக்கும். எந்த ஆய்வகமும் அதைப் பின்னால் சரிசெய்ய முடியாது.

கருப்பு அடுக்கின் அடியிலிருந்து மாதிரி எடுக்கத் தொடங்குவதுதான் அதிகம் நடக்கும் பிழை. கருப்பு தொடங்கும் இடத்தில் கதை பாதி முடிந்துவிட்டிருக்கும். அடுக்கின் தடிமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு கீழே இறங்கி, எல்லா அளவுகளும் அமைதியாக இருக்கும் பகுதியிலிருந்து தொடங்குங்கள். இத்தாலியின் குப்பியோவில் உள்ள போனரெல்லி அடுக்கு சுமார் 1 மீட்டர் தடிமன். அங்கே கீழுள்ள வெண்ணிறச் சுண்ணாம்புக்கல்லில் இரண்டு மூன்று மீட்டராவது தேவை.

மாதிரி இடைவெளியைக் காலக் கணக்கில் முடிவு செய்யுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு 1 செ.மீ. என்ற வேகத்தில் படிந்த அடுக்கில் 5 செ.மீ. இடைவெளி என்பது 5,000 ஆண்டு. செனோமேனியன்–டூரோனியன் நிகழ்வில், கருப்பு அடுக்குகள் பரவலாகப் படியத் தொடங்கும் முன்பே ஏறக்குறைய 43,000 ஆண்டுகளாக (11,000 கூடலாம், குறையலாம்) கடல் ஆக்சிஜனை இழந்துகொண்டிருந்தது என்று தாலியம் என்ற உலோகத்தின் ஐசோடோப்புகள் (எடை மட்டும் வேறுபடும் அணு வகைகள்) காட்டின. மேற்சொன்ன வேகத்தில் அது வெறும் 43 செ.மீ. பாறை. 50 செ.மீ. இடைவெளியில் மாதிரி எடுத்தவர் அதைத் தாண்டிப் போயிருப்பார். தொடக்கத்தில் 2 செ.மீ., மேலே அமைதியான பகுதியில் 20 செ.மீ. என்று இடைவெளியை மாற்றிக்கொள்வது நல்லது.

ஒவ்வொரு துண்டும் 50 முதல் 100 கிராம், தடிமன் 1 செ.மீ.க்கு மிகாமல். மேல்பக்கத்துக்கு அம்புக்குறி பையில் போடுங்கள், கல்லின் மேல் மையால் எழுத வேண்டாம். வெளிர்நிற எரிமலைச் சாம்பல் அடுக்கு, கால்சைட் நரம்பு, கண்ணுக்குத் தெரியும் பைரைட் உருண்டை ஆகியவற்றை ஷேலோடு (களிமண் இறுகிய அடுக்குப்பாறை) கலக்காதீர்கள். சாம்பல் அடுக்கைத் தனிப்பையில் பத்திரப்படுத்துங்கள். அதில் சிர்கான் என்ற கனிமம் இருந்தால் யுரேனியம்–ஈயம் முறையில் வயது கிடைக்கும். ஒரு நல்ல வயது மற்ற எல்லா எண்களுக்கும் முதுகெலும்பு. சீனாவின் மெய்ஷானில் இப்படிச் சாம்பல் அடுக்குகளை வைத்துத்தான் பெர்மியன் முடிவின் பேரழிவு சுமார் 60,000 ஆண்டுகளுக்குள் முடிந்தது என்று கணித்தார்கள். பிழை எல்லை 48,000 ஆண்டு.

அரைத்தல், உலர்த்தல்

40 டிகிரிக்கு மேல் உலர்த்தாதீர்கள், பாதரசம் ஆவியாகும். அரைக்க அகேட் உரல். எஃகு உரல் இரும்பையும் குரோமியத்தையும், எஃகின் வகையைப் பொறுத்து மாலிப்டினத்தையும் கலக்கும். டங்ஸ்டன் கார்பைடு உரல் கோபால்ட்டைக் கலக்கும். ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் சுத்தமான குவார்ட்ஸ் மணலை அரைத்துக் கொட்டுங்கள். பொடியை ஈரம் புகாத குப்பியில், குளிரில் வையுங்கள். நுண்பொடியான பைரைட் ஈரக்காற்றில் வேகமாகச் சிதைகிறது. அரைத்து நெடுநாள் திறந்து கிடந்த பொடியில் இரும்பு வகைப் பகுப்பு (இரும்பு எந்தெந்தக் கனிமத்தில் இருக்கிறது என்று பிரித்தளப்பது) செய்வது வீண் வேலை.

கரிமக் கார்பனை அளக்கும்போது முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கார்பனேட்டை நீக்கிக் கழுவி உலர்த்துவோம். நீக்கும் முன்னும் பின்னும் எடை பார்ப்பது கட்டாயம். 1.000 கிராம் பாறை 0.400 கிராம் ஆகி, அந்த எச்சத்தில் 5% கார்பன் இருந்தால், முழுப் பாறையின் கரிமக் கார்பன் 2% மட்டுமே. எச்சத்தின் எண்ணை அப்படியே எடுத்து முழுப் பாறையின் பாதரசத்தை வகுத்தால் எரிமலைத் தடம் இரண்டரை மடங்கு அமுங்கிவிடும்.

கடலடியில் ஆக்சிஜன் இருந்ததா?

கண்ணிலிருந்து தொடங்குங்கள். மில்லிமீட்டர் கணக்கில் மெல்லிய வரிகள் கலையாமல் இருந்தால் அங்கே மண்ணைத் துளைக்கும் புழுக்கள் வாழவில்லை. துளைத்தடங்கள் மெல்லமெல்லச் சிறுத்து மறையும் இடத்தைச் சென்டிமீட்டர் துல்லியத்தில் குறித்துக்கொள்ளுங்கள். செலவில்லாத இந்தக் குறிப்பு பின்னால் வரும் எண்களைப் பல முறை காப்பாற்றும்.

அடுத்து ஃப்ராம்பாய்டுகள்: நுண்ணிய பைரைட் படிகங்கள் சேர்ந்த, ராஸ்பெரிப் பழம் போன்ற உருண்டைகள். மெருகேற்றிய துண்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, பின்சிதறல் படத்தில் மாதிரிக்கு 100 உருண்டைகளின் விட்டத்தையாவது அளக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு கலந்த நீரில் உருண்டைகள் நீரிலேயே உருவாகி, வளரும் முன்பே மூழ்கிவிடும். சராசரி 5 மைக்ரான், பரவல் குறுகியது. மேலே ஆக்சிஜன் உள்ள நீர் இருந்தால் அவை மண்ணுக்குள் நிதானமாக வளரும், சராசரி 7.7 மைக்ரான் அளவில், பரவல் அகலமானது. சராசரியை மட்டும் எழுதிப் பரவலை விட்டுவிட்டால் பாதித் தகவல் போயிற்று.

இரும்பு வகைப் பகுப்புக்கு 80 முதல் 100 மி.கி. பொடி, ஒவ்வொரு கட்டத்துக்கும் 10 மி.லி. கரைசல். முதலில் பிஹெச் 4.5 உள்ள சோடியம் அசிட்டேட், 50 டிகிரியில். கார்பனேட் இரும்பு வெளியேறும். பிறகு பிஹெச் 4.8 உள்ள சோடியம் டைதயோனைட், 2 மணி நேரம், ஆக்சைடுகள். பிறகு பிஹெச் 3.2 உள்ள அம்மோனியம் ஆக்சலேட், 6 மணி நேரம், மேக்னடைட். டைதயோனைட் கரைசலை அன்றன்றே கலக்குங்கள், பழையது வேலை செய்யாது. பைரைட்டுக்குத் தனிப்பொடி: முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் ஆவியாகும் சல்பைடை நீக்கி, பிறகு குரோமஸ் குளோரைடில் நைட்ரஜன் ஓட்டத்தில் கொதிக்கவிட்டு, வெளிவரும் ஹைட்ரஜன் சல்பைடை சில்வர் நைட்ரேட்டில் பிடிக்க வேண்டும். படிந்த வெள்ளி சல்பைடின் எடையை 0.1127ஆல் பெருக்கினால் பைரைட் இரும்பு கிடைக்கும். இந்த வேலை புகைவெளியேற்றிப் பேழைக்குள் மட்டும். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது.

நான்கு இரும்பையும் கூட்டினால் "வினைபுரியும் இரும்பு". அது மொத்த இரும்பில் 0.38 பங்குக்கு மேல் என்றால் ஆக்சிஜன் அற்ற நீர், 0.22க்குக் கீழ் என்றால் ஆக்சிஜன் உள்ள நீர் என்பதற்கு வாய்ப்பு அதிகம், இடைப்பட்டது தீர்ப்பில்லை. ஆக்சிஜன் அற்றது என்று தெரிந்த பிறகு, பைரைட் இரும்பு வினைபுரியும் இரும்பில் 0.7–0.8க்கு மேல் போனால் நீரில் ஹைட்ரஜன் சல்பைடு இருந்தது. மொத்த இரும்பும் கரிமக் கார்பனும் தலா 0.5%க்குக் குறைவான பாறையில் இந்த எல்லைகளைப் பயன்படுத்தாதீர்கள். வெளுத்துப்போன சுண்ணாம்புக்கல்லில் இந்த விகிதம் காரணமின்றி ஏறும்.

மாலிப்டினம் ஆக்சிஜன் உள்ள கடலில் கரைந்தே கிடக்கும். சல்பைடு வந்ததும் மண்ணில் படியும். தோராயமாக 25 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 25 பங்கு) கீழ் என்றால் சல்பைடு மண்ணின் நுண்துளை நீரோடு நின்றது. 100க்கு மேல் என்றால் கடல்நீரிலேயே நிலைத்து நின்றது. ஆனால் சுண்ணாம்பு கலந்து நீர்த்த பாறையில் வெறும் பிபிஎம் ஏமாற்றும். ஒரு ஷேலில் மாலிப்டினம் 18 பிபிஎம், அலுமினியம் 6%. பக்கத்துச் சுண்ணாம்பு ஷேலில் மாலிப்டினம் 6 பிபிஎம், அலுமினியம் 2% என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் விகிதம் 3. கண்ட மேலோட்டின் சராசரி 1.1 பிபிஎம்மை 8.15%ஆல் வகுத்தால் 0.135. ஆக இரண்டுமே சுமார் 22 மடங்கு செறிவு பெற்றவை. எண்ணில் மூன்று மடங்கு வேறுபாடு, கடலில் வேறுபாடே இல்லை. பாறையைக் கரைக்க ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தேவைப்படும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் குப்பியைத் திறக்கவே கூடாது.

எரிமலை நடந்ததா?

பாதரசம் எரிமலைப் புகையோடு வளிமண்டலத்தில் பரவி, கரிமப் பொருளில் ஒட்டிக் கடலடி சேர்கிறது. 50 முதல் 100 மி.கி. பொடியைச் சூடாக்கி, ஆவியைத் தங்கத்தில் பிடித்து அளப்பது எளிய முறை. கருப்பு ஷேலில் கரிமப் பொருள் அதிகம் என்பதால் பாதரசமும் தானாகவே அதிகம். அதனால் கரிமக் கார்பனால் வகுக்க வேண்டும். கீழ் அடுக்கில் 40 பிபிபி (நூறு கோடியில் 40 பங்கு), கார்பன் 0.5%: விகிதம் 80. கருப்பு அடுக்கில் 400 பிபிபி, கார்பன் 8%: விகிதம் 50. பத்து மடங்கு பாதரசம் இருந்தும் அது எரிமலைச் சான்று இல்லை. இரண்டுக்கும் நடுவே 120 பிபிபி, கார்பன் 0.6% என்று ஒரு சாம்பல்நிற அடுக்கு வந்தால் விகிதம் 200. தேடியது அதுதான், அது கருப்பாகக்கூட இருக்காது. கார்பன் 0.2%க்குக் குறைந்தால் வகுத்தலை நம்ப வேண்டாம். சிறிய எண்ணால் வகுக்கும்போது அளவீட்டுப் பிழையே சிகரமாகத் தெரியும். கந்தகத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள், சில பாறைகளில் பாதரசம் பைரைட்டில் உட்கார்ந்திருக்கும்.

கடலுக்கடியில் கொட்டிய எரிமலையின் பாதரசம் தொலைதூரம் போகாது. ஒன்டாங் ஜாவா, கரீபியன் போன்றவற்றுக்கு ஆஸ்மியம் என்ற அரிய உலோகமே மேலான சாட்சி. ஆஸ்மியம்-187க்கும் 188க்கும் உள்ள விகிதம் பூமியின் மேன்டிலில் (மேலோட்டுக்குக் கீழுள்ள பகுதி) சுமார் 0.13, கண்டத்துப் பாறைகளில் சுமார் 1.4, இன்றைய கடலில் 1.06. செனோமேனியன்–டூரோனியன் நிகழ்வின் தொடக்கத்தில் கடலின் விகிதம் ஏறக்குறைய 0.2 வரை சரிந்தது. கடலில் இருந்த ஆஸ்மியத்தில் பெரும்பங்கு புதுக் குழம்பிலிருந்து வந்தது என்று பொருள். இங்கே இரண்டு கண்ணிகள். கருப்பு ஷேலில் உள்ள ரீனியம்-187 சிதைந்து ஆஸ்மியம்-187 ஆகிக்கொண்டே இருக்கும். ரீனியத்தையும் அளந்து, வயதைக் கொண்டு பழைய விகிதத்துக்குத் திருத்தாவிட்டால் எண் பொருளற்றது. பாறையை முழுக்கக் கரைக்கவும் கூடாது, நிலத்திலிருந்து வந்த மண்துகளின் ஆஸ்மியமும் கலந்துவிடும். குரோமிக்–கந்தக அமிலக் கரைசல் கடல்நீரிலிருந்து படிந்த பங்கை மட்டும் பெரும்பாலும் எடுத்துத் தரும்.

ஓரிடமா, உலகமா?

ஒரு மூடிய விரிகுடாவில் ஆக்சிஜன் தீர எரிமலை எதுவும் தேவையில்லை. இன்றைய கருங்கடலே சாட்சி. இரும்பும் ஃப்ராம்பாய்டும் அந்த ஓரிடத்தைப் பற்றி மட்டுமே பேசும். உலகக் கடலைப் பற்றிப் பேச, கடல் கலக்கும் ஓராயிரம் ஈராயிரம் ஆண்டைவிட மிக நீண்ட காலம் நீரில் தங்கும் தனிமம் வேண்டும். யுரேனியம் லட்சக்கணக்கான ஆண்டுகள் தங்குகிறது. ஆக்சிஜன் அற்ற கடலடி விரியும்போது கனமான யுரேனியம்-238 அங்கே கூடுதலாகப் படிந்து, மீதிக் கடல் இலேசாகும். இந்த ஐசோடோப்பு விகிதம் ஒரு தர மாதிரியிலிருந்து ஆயிரத்தில் எத்தனை பங்கு (‰) விலகுகிறது என்று கணக்கிட்டால் இன்றைய கடலின் மதிப்பு சுமார் -0.39‰, சுண்ணாம்புக்கல்லில் அது கீழே சரிந்தால் உலகளாவிய மாற்றத்துக்கு அறிகுறி. இன்றைய சுண்ணாம்பு மண்ணே கடல்நீரைவிட 0.2 முதல் 0.3‰ கனமாக இருப்பதால், தனி மதிப்பைவிடச் சரிவின் அளவை நம்புங்கள். இந்த முறையில்தான் 9.4 கோடி ஆண்டுக்கு முன் கடலடியின் 8 முதல் 15% ஆக்சிஜன் அற்றதாக இருந்தது என்று கணித்தார்கள். போனரெல்லி போன்ற அடுக்கில் சுண்ணாம்பே ஏறக்குறைய இல்லை என்பதால் இந்த அளவீட்டுக்கு வேறு இடத்துச் சுண்ணாம்புக்கல் வேண்டும். அதை இணைக்கக் கார்பன்-13இன் பங்கு ஆழத்தோடு மாறுவதைக் காட்டும் வளைவே பாலம்: அந்த நிகழ்வில் அது 2 முதல் 4‰ வரை ஏறுகிறது, எங்கு வெட்டினாலும் அடையாளம் தெரியும்.

மாலிப்டினத்திலும் இதே உலகளாவிய கணக்கு ஒரு தலைகீழ்ப் பொறியாக வரும். உலகமெங்கும் சல்பைடு மண் மாலிப்டினத்தை உறிஞ்சினால் கடலில் அது தீர்ந்துபோகும். பிறகு எவ்வளவு மோசமான கடலடியிலும் படிய மிச்சம் இருக்காது. இரும்பு "சல்பைடு உண்டு" என்கிறது, கரிமக் கார்பன் 10% இருக்கிறது, மாலிப்டினமோ 15 பிபிஎம் மட்டும் என்றால் உடனே ஆக்சிஜன் திரும்பிவிட்டது என்று எழுதாதீர்கள். மாலிப்டினத்தைக் கரிமக் கார்பன் சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள்: திறந்த தொடர்புள்ள, கனடாவின் சானிச் விரிகுடாவில் சுமார் 45, அடைபட்ட கருங்கடலில் சுமார் 4.5. உங்கள் 1.5 (15ஐ 10ஆல் வகுத்தது) மாலிப்டினம் வறண்டுபோன கடலைக் காட்டுகிறது.

எது முந்தியது?

எல்லா எண்களையும் ஒரே ஆழ அச்சில் வரைந்து, ஒவ்வொன்றும் அமைதி நிலையை விட்டு விலகும் முதல் மாதிரியைக் குறியுங்கள். உச்சத்தைக் குறிக்க வேண்டாம். உச்சங்கள் பல காரணங்களால் இடம் மாறும். கீழ்ப்பகுதியில் புழுக்கள் துளைத்த இடத்தில் எந்தத் தடமும் 5 முதல் 10 செ.மீ. வரை கலைந்திருக்கும்; அதைவிடக் குறைந்த இடைவெளியில் "இது முந்தியது" என்று சொல்ல உரிமை இல்லை. எல்லாத் தடங்களும் ஒரே சென்டிமீட்டரில் செங்குத்தாகத் தாவினால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். அங்கே படிவு நின்றுபோய்ப் பல ஆயிரம் ஆண்டுகள் காணாமல் போயிருக்கலாம். பாஸ்பேட் உருண்டைகள், துளைத்து இறுகிய மேற்பரப்பு, அரிக்கப்பட்ட விளிம்பு ஆகியவற்றை அந்த இடத்தில் தேடுங்கள். இடைவெளி உறுதியானால், படிவு வேகம் அதிகமான வேறொரு பகுதியில் அதே கார்பன்-13 தொடக்கத்தைத் தேடி மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

பாதரசமோ ஆஸ்மியமோ விலகியும் யுரேனியம் அசையாமல் இருந்தால் அதையும் முடிவாகவே பதியுங்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பெருமளவு பசால்ட் கொட்டியது, ஆனாலும் உலகக் கடல் முழுதும் கருப்பு அடுக்குகள் படியவில்லை. எவ்வளவு வேகமாக வாயு வெளியேறியது, குழம்பு நிலக்கரியையும் உப்புப் படிவையும் சுட்டதா, அப்போது கடல் ஏற்கெனவே எவ்வளவு சூடாக இருந்தது என்பவையே விளைவை முடிவு செய்கின்றன. சைபீரியாவில் துங்குஸ்கா படுகையின் நிலக்கரியையும் உப்பையும் குழம்பு ஊடுருவிச் சுட்டது. அந்த நிகழ்வை ஒட்டி 2018இல் வெளியான ஒரு காலநிலை மாதிரிக் கணக்கு, கடலின் ஆக்சிஜனில் சுமார் 76% போனதாகக் காட்டியது. அசையாத யுரேனியத்தோடு வந்த உங்கள் பகுதியையும் அமைதி நிலை எண்கள், மாதிரி இடைவெளி, படிவு வேகம் மூன்றையும் சேர்த்தே அட்டவணையில் தாருங்கள்.